மணல் கொடுக்காத மகராசன்

ஒரு காட்டில், கோழி குருவிகளின் மூதாதைகூட முட்டைக்குள் வராத காலத்தில், செதிலிகள் என்று ஒரு குடி வாழ்ந்தது. ஓணானைவிடப் பெரிய உடம்பு, உடும்பைவிடச் சின்ன வாய், இரண்டையும்விட நீளமான பேச்சு. அவர்களுடைய ரத்தம் மண்பானைத் தண்ணீர்போல் குளிர்ந்திருக்கும். வெயில் மேலே பட்டால்தான் கை கால் அசையும், நாக்கும் அசையும். வெயில் போய்விட்டால் இருந்த இருப்பில் விறைத்துப்போவார்கள்.

ஆகையால் அந்தக் காட்டில் எந்தச் சண்டையும் ஒரே நாளில் முடிந்ததில்லை. சாயங்காலம் ஒருத்தி பக்கத்து வளைக்காரியைப் பார்த்து, "உன் மூஞ்சிக்கு…" என்று தொடங்குவாள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். திறந்த வாய் திறந்தபடி நிற்கும். மறுநாள் வெயில் ஏறித் தாடை இளகியதும், "…இது ஒண்ணுதான் குறைச்சல்!" என்று முடிப்பாள். பாதியில் நின்ற பேச்சை அடுத்தவர் முடிக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒரு மரியாதை.

பூங்காவனம் கல்யாணம் செய்துகொண்டதே அப்படி நின்றுபோன ஒரு பேச்சினால்தான். ஓர் அந்தியில் கன்னியப்பன் அவள் அருகில் வந்து நின்று, "பூங்காவனம், ரொம்ப நேரமா உன்கிட்ட ஒண்ணு…" என்றான். வெயில் போய்விட்டது. விடியும்வரை அவள் அந்த அரைப் பேச்சைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். வெயில் வந்து அவன் தாடை இளகியதும், "…சொல்லணும்னு நிக்கிறேன். என் வாலை மிதிச்சிருக்கே" என்றான். ஆனால் அதற்குள் அவள் மனசு முடிவு செய்துவிட்டிருந்தது. முடிவு செய்துவிட்ட மனசை என்ன செய்ய முடியும்? கட்டிக்கொண்டாள். கன்னியப்பனும் நல்லவன்தான். வால் விஷயத்தை அதற்குப் பிறகு அவன் எடுத்ததே இல்லை.

காட்டின் நடுவே ஒரு பாறை இருந்தது. காலை வெயில் முதலில் விழுவது அதன்மேல்தான். அதில் ஏறி உடம்பைக் காய்ச்சிக்கொள்ள வரிசை நிற்கும். வரிசையைப் பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டி இருந்தது. கமிட்டி என்றால் முனிரத்தினமும், அவர் சொன்னதற்குத் தலையாட்டும் இரண்டு பேரும். அவர்களும் வெயில் ஏறிய பிறகுதான் ஆட்டுவார்கள். முனிரத்தினம் பருத்த உடம்புக்காரர். கழுத்துத் தொங்குசதை ஆட ஆடப் பேசுவார். தான் பாறையில் ஏறிப் படுப்பதால்தான் சூரியன் உதிக்கிறது என்று அவருக்கு ஓர் எண்ணம். மற்றவர்களும் எதற்கு வம்பு என்று, அவர் படுக்கும்வரை காத்திருப்பார்கள்.

பூங்காவனம் வரிசையில் கடைசி. அவள் அம்மாவும் கடைசி, அம்மாவைப் பெற்றவளும் கடைசி. முன்னால் நிற்பவர்களின் நிழல்தான் அவர்கள் குடும்பத்துச் சொத்து. அவர்கள் முறை வருவதற்குள் வெயில் பாறையை விட்டு மரத்துக்குப் போய்விடும். வெயில் கிடைக்காத உடம்பு ஒன்று சாகும், இல்லாவிட்டால் வேறு வழி தேடும். அந்தக் குடும்பத்தில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள், தலைமுறை தலைமுறையாக வேறு வழி தேடிக்கொண்டே வந்தார்கள். பூங்காவனத்தின் உடம்புக்கு அந்த வழி கிடைத்துவிட்டது. யாரும் கொடுக்காத சூட்டை அவள் ரத்தம் தானே உண்டாக்கிக்கொண்டது.

இது அவளுக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பசி. மற்றவர்கள் ஒரு கரப்பானைத் தின்றுவிட்டு நாள் கணக்கில் சும்மா கிடப்பார்கள். அவளுக்குக் காலையில் ஒரு கரப்பான், அது செரிப்பதற்குள் ஒரு வெட்டுக்கிளி, வெட்டுக்கிளி வாயில் இருக்கும்போதே அடுத்தது எங்கே என்று ஒரு கவலை.

"உள்ளே என்னடி அடுப்பா வெச்சிருக்கே?" என்று கேட்டாள் பக்கத்து வளை தனபாக்கியம். காட்டிலேயே நாக்கு நீளமானவள் அவள். உண்மை அவள் வாயிலிருந்து அடிக்கடி வரும். வந்த வேகத்தில் அவளே அதைத் தாண்டிப் போய்விடுவாள்.

பூங்காவனத்தின் துக்கம் பசி இல்லை, முட்டை.

ஓடைக்கரையில் பகலெல்லாம் வெயில் விழும் ஒரு மணல்மேடு உண்டு. அதில் புதைத்த முட்டைதான் பொரியும். அங்கே இடம் கிடைக்காதவர்கள் மூங்கில் நிழலில் புதைக்க வேண்டும். பூங்காவனம் மூன்று ஈடு முட்டைகளை மூங்கில் நிழலில் புதைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நாளெல்லாம் காத்திருந்து, பிறகு தோண்டிப் பார்ப்பாள். முட்டைகள் போட்ட அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கும். அதுதான் அவளால் தாங்க முடியாதது. உடைந்திருந்தாலாவது ஒரு சேதி. ஒரு சேதியும் இல்லாமல், வழுவழுவென்று, ஓடைக் கூழாங்கல்லைப்போல் கிடக்கும். அவற்றைத் திரும்ப மூடிவிட்டு வந்து கன்னியப்பனிடம், "மழை வரும்போல இருக்கு" என்பாள். அவனும் வானத்தைப் பார்ப்பான்.

இப்போது நான்காவது ஈடு வயிற்றில் இருந்தது. வயசும் ஏறிக்கொண்டிருந்தது. இதற்குமேல் உண்டோ இல்லையோ.

"இந்த வாட்டி மணல்ல இடம் பிடிச்சே தீருவேன்" என்றாள் கன்னியப்பனிடம்.

"பிடி" என்றான் அவன். "என் வாலையும் வேணும்னா எடுத்துக்கோ."

வால் என்பது சும்மா சொன்னதில்லை. நாம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதைப்போல் அவர்கள் வாலைப் போட்டு இடம் பிடிப்பார்கள். முட்டைப் பருவம் பிறந்த அன்று, ஒவ்வொருத்தியும் மணலுக்கு ஓடிப்போய், பின்பக்கத்தை வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டி உதறுவாள். வால் கழன்று விழும். விழுந்த வால் துள்ளிக்கொண்டே கிடக்கும் இடம் அவளுடையது. துள்ளும் வாலை யாரும் தாண்டக் கூடாது. அடுத்த பருவத்துக்குள் புது வால் முளைத்துவிடும். தாயாகப் போகிறவளின் வால்தான் செல்லும், புருஷன் வால் செல்லாது. கன்னியப்பனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

யார் முதலில் ஓடுகிறாரோ அவருக்கு நல்ல இடம். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். பாறையில் முன்னால் காய்ந்தவர்கள் முன்னால் ஓடுவார்கள், அவ்வளவுதான்.

பருவம் பிறந்த அன்று விடியற்காலையில் பூங்காவனத்துக்கு விழிப்புத் தட்டியது. வெயில் இன்னும் வரவில்லை. கையை அசைத்தாள், அசைந்தது. காலை நீட்டினாள், நீண்டது. இது என்ன கூத்து என்று யோசிக்க அவளுக்கு நேரம் இல்லை. பக்கத்தில் கன்னியப்பன் கட்டையாகக் கிடந்தான். வெளியே வந்தாள். காடு முழுக்க, வைத்த பொம்மைகள்போல் எல்லோரும் விறைத்து நின்றார்கள். தனபாக்கியம் யாரையோ திட்டப்போன வாயோடு நின்றாள். முனிரத்தினம் கொட்டாவியின் நடுவில் நின்றார். பூங்காவனம் அந்தக் கொட்டாவியைத் தாண்டி நடந்தாள். பனி ஈரத்தில் அவள் காலடி மட்டும்தான் பதிந்துகொண்டு போனது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.

மணல்மேடு காலியாக இருந்தது. உச்சியில், ஓடையைப் பார்த்த நல்ல இடமாகப் பார்த்துப் போய் நின்றாள். மூச்சை இழுத்துப் பின்பக்கத்தை ஒரு வெட்டு வெட்டினாள்.

வால் கழலவில்லை.

இன்னொரு வெட்டு வெட்டினாள். கல்லில் அடித்தாள். தன் காலாலேயே மிதித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தாள். வலித்தது. வால் மட்டும் வேரோடியதுபோல் அசையாமல் இருந்தது. சூடேறிய உடம்புக்குத் தன்னுடையதை இழக்க மனசு வராதோ என்னவோ.

வெயில் வந்தது. பாறைப் பக்கமிருந்து கூச்சலும் புழுதியும் கிளம்பின. முன்வரிசைக்காரிகள் ஓடிவந்து, தொப் தொப்பென்று வாலைப் போட்டார்கள். மணல்மேடு முழுக்க வால்கள் துள்ளின. கடைசியில் தனபாக்கியம் மூச்சிரைக்க வந்து, ஓரத்தில் கிடைத்த இடத்தில் வாலைப் போட்டுவிட்டு, பூங்காவனத்தைப் பார்த்தாள்.

"எப்போடி வந்தே நீ? சரி, வாலைப் போடு!"

"வரமாட்டேங்குது யக்கா!"

"வரலையா? இரு." தனபாக்கியம் வாலின்மேல் ஏறி நின்றாள். "இப்ப ஓடு!"

பூங்காவனம் ஓடினாள். தனபாக்கியம் குப்புற விழுந்தாள். கன்னியப்பன் வந்து வாலைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தான். பூங்காவனம் போட்ட சத்தத்தில் ஓடைத் தவளைகள் நீருக்குள் குதித்தன.

"யோவ், வுடுய்யா! உசிரு போவுது!"

"வால்தானே போவணும், உசிரு ஏன் போவுது?" என்று அவன் பயந்து விட்டுவிட்டான்.

அதற்குள் ஒரு சாண் இடம் பாக்கி இல்லை. அவள் நின்ற இடத்திலேயே, அவள் கால்களுக்கு நடுவில், வேறு யாருடைய வாலோ துள்ளிக்கொண்டிருந்தது.

முனிரத்தினம் மெதுவாக வந்து சேர்ந்தார். பூங்காவனம் அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, எல்லாருக்கும் முன்னாடி வந்தது நான்தான்."

"வால் எங்கே?"

"இதோ இருக்கே."

"உன்கிட்ட இருந்தா எப்படிம்மா? மணல்ல இருக்கணும்."

"மணல்லதானே அண்ணே நிக்கிறேன். வாலும் மணல்லதான் இருக்கு."

"வால் மணல்ல இருக்கு, சரி. நீயும் கூட இருக்கியே? நீ இல்லாம வால் மட்டும் இருந்தாதான் அது நீ இருக்கிறதா அர்த்தம். நீயே இருந்தா எப்படி நீ இருக்கிறதா எடுத்துக்கிறது?"

தலையாட்டும் இருவரும் தலையை ஆட்டினார்கள். அவர்களில் ஒருவர் அவள் தோளைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஐயோ, கொதிக்குதுங்க! இவளுக்குக் காய்ச்சல்!"

"காய்ச்சல்காரிக்கு மணல் கிடையாது" என்றார் முனிரத்தினம். "போ, மூங்கில் பக்கம் போ. உங்க குடும்பத்துக்குப் பழக்கமான இடம்தானே."

பூங்காவனம் மூங்கில் பக்கம் போகவில்லை. நேராகப் பாறையடிக்குப் போனாள். வரிசை நிற்கும் வழியில், சின்னப் பள்ளமாக மண் பதிந்திருந்த இடத்தில், மூன்று முட்டைகள் இட்டாள். போகிறவர் வருகிறவர் மிதித்துவிடப் போகிறார்களே என்று அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னடி பண்றே?" என்றாள் தனபாக்கியம். அந்தக் காட்டில் யாரும் முட்டைமேல் உட்கார்ந்ததில்லை. முட்டையென்றால் புதைப்பது, மறப்பது.

"தர்ணா. மணல்ல இடம் குடுக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

கன்னியப்பன் சும்மா இருக்கக் கூடாதென்று பக்கத்தில் நின்று கோஷம் போட்டான். "வேண்டும் வேண்டும்!" என்றான். வெயில் போய்விட்டது. என்ன வேண்டும் என்பது மறுநாள் காலையில்தான் காட்டுக்குத் தெரிந்தது.

முதல் இரண்டு நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு போனது. தர்ணா என்றால் பட்டினி கிடக்க வேண்டாமா என்று ஒருவர் சட்டம் பேசினார். "பசிச்சா எனக்குக் கோபம் வராதுங்க, அழுகைதான் வரும்" என்றாள் பூங்காவனம். கன்னியப்பன் காலையிலிருந்து மாலைவரை வெட்டுக்கிளி சுமந்தான். போராட்டக்காரி இப்படித் தின்று பார்த்ததில்லை என்று காடே பேசிக்கொண்டது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. சூரியன் என்ற ஒன்று இருந்ததே பொய்யோ என்று நினைக்கும்படி அடைத்துக்கொண்டு பெய்தது. பாறை குளிர்ந்துபோனது. மேகத்தின் வழியே கசிந்த வெளிச்சத்தில் செதிலிகள் பாதி விறைத்து நகர்ந்தார்கள். ஒரு காலை எடுத்து வைத்தால் அடுத்த காலைப் பற்றி வெகுநேரம் யோசிக்க வேண்டியிருந்தது.

அப்படி ஒரு நாள் முனிரத்தினம் தர்ணாவைக் கலைத்துவிடுவது என்று கிளம்பினார். காலையில் கிளம்பியவர் மத்தியானம் வந்து சேர்ந்தார். "பூ… ங்… கா…" என்று ஆரம்பித்தார். அவள் பெயரே முடியவில்லை. இன்னும் கொஞ்சம் அருகில் வந்தார். வந்ததும் அவர் தாடைக்குள் ஏதோ இளகியது. இன்னும் கொஞ்சம் வந்தார். தொங்குசதை ஆடத் தொடங்கியது. அவள் விலாவோடு விலா ஒட்டி உட்கார்ந்தார்.

"பூங்காவனம்" என்றார், அருவிபோல். "உன் கோரிக்கையைக் கமிட்டி அனுதாபத்தோட பார்க்குது. ஆனா இதுல பல அம்சம் இருக்கு. ஒவ்வொண்ணாப் பேசணும். உட்கார்ந்து பேசணும்."

"பேசுங்க அண்ணே."

பேசினார். மணலின் வரலாற்றைப் பேசினார், வாலின் தத்துவத்தைப் பேசினார். தலையாட்டும் இருவரையும் கூப்பிட்டு, "நீங்களும் கலந்துக்கணும்" என்று இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்த்தினார். அந்தி வந்தது, போனது. யாருடைய பேச்சும் பாதியில் நிற்கவில்லை. "பேச்சுவார்த்தை சுமுகமா நடந்துச்சு" என்று அறிவித்தார் முனிரத்தினம். "அடுத்த சுற்று நாளைக்கு."

அடுத்த சுற்றுக்குத் தனபாக்கியம் வந்தாள், பொதுமக்கள் சார்பில். அதற்கடுத்த சுற்றுக்கு முன்வரிசைக்காரிகள் வந்தார்கள், எதிர்த்தரப்பு என்று. காடே அவளைச் சுற்றி அடைந்து உட்கார்ந்துகொண்டு, அவள் கோரிக்கையை அலசியது. காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று அன்று கையை இழுத்துக்கொண்டவர் இப்போது அவள் முதுகிலேயே சாய்ந்து தூங்கினார். மழையில் ஈசல் புறப்பட்டபோது, உடம்பு இளகியவர்கள் போய் வாய் நிறையப் பிடித்துவந்து அவளுக்கும் கொடுத்தார்கள். ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்போலத் தோன்றும். உடனே முனிரத்தினம், "அவசரப்பட்டு எதையும் செஞ்சிடக் கூடாது" என்பார். எல்லோரும் பெருமூச்சுவிட்டு இன்னும் நெருங்கி உட்கார்வார்கள்.

பூங்காவனத்துக்கு அலுத்துவிட்டது. இவ்வளவு பேர் நடுவிலும் அவள் காது வயிற்றுக்கடியில்தான் இருந்தது. அங்கே ஒரு சத்தமும் இல்லை. முட்டைகள் வழுவழுவென்று இருந்தன. அந்த வழுவழுப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாள் மாலை, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:

"போதும் அண்ணே. நான் எழுந்துக்கிறேன்."



"எழுந்துக்கிறியா?" என்றார் முனிரத்தினம். "ஏம்மா?"

"மணலும் வேணாம், ஒண்ணும் வேணாம். போன வாட்டி மாதிரிதான் இதுவும். மூங்கில் நிழல்ல பொதைச்சுட்டுப் போய்ப் படுக்கிறேன். உங்களையெல்லாம் வீணா அலைய வெச்சுட்டேன்."

முன்னங்காலை ஊன்றி எழுந்திருக்கப் போனாள். அவள் கொஞ்சம் விலகியதும் குளிர் உள்ளே பாய்ந்தது. தலையாட்டுகிறவரின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது. முனிரத்தினத்துக்கு உயிரே ஆடிப்போனது. மணல் தருகிறேன் என்றால் மணலுக்குப் போய்விடுவாள். தரமாட்டேன் என்றால் மூங்கிலுக்குப் போய்விடுவாள். நல்ல வார்த்தை எதுவும் அவள் கையைப் பிடித்து நிறுத்தாது.

அவருக்குக் கெட்ட வார்த்தை வரும். அது அவருக்கு ஆண்டவன் கொடுத்த வரம்.

"போயேன்!" என்றார். "போ! உனக்கு மணல் கேட்குதோ? மூங்கில் நிழல்ல கூழாங்கல்லு போடறதுதானே உங்க பரம்பரைத் தொழில். உங்கம்மா போட்டா, அவங்கம்மா போட்டா. முட்டையா போட்டீங்க நீங்கள்லாம்? ஓடைக்குப் படிக்கட்டு கட்டலாம், அவ்ளோ கல்லு! இதுக்கு ஒரு தர்ணா! எழுந்து போ. நீ எழுந்துப்பேன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். கடைசியில நிக்கிறவளுக்கு உட்காரக்கூட வக்கு கிடையாது."

கன்னியப்பன் வாயைத் திறந்தான். தனபாக்கியம் அவன் வாயைப் பொத்தினாள்.

பூங்காவனத்துக்குக் காதடைத்தது. உச்சியிலிருந்து வால் நுனிவரை நடுங்கியது. அம்மா தோண்டிப் பார்த்துவிட்டு வந்து, "மழை வரும்போல இருக்கு" என்று சொன்ன குரல் எங்கிருந்தோ கேட்டது. அவள் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"உட்கார்ந்தேன்டா!" என்றாள்.

அதுவரை அண்ணே என்றவள். பாறைக்கே கேட்டது.

"இனிமே சூரியனே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன். நீ குடுக்கவே குடுக்காதே. குடுத்துப் பாரு, மூஞ்சியில எறியறேன்!"

"அப்படி வா!" என்று முணுமுணுத்துக்கொண்டு முனிரத்தினம் அவள் விலாவில் சாய்ந்தார். அவ்வளவு சூடாக அவள் அதற்கு முன் இருந்ததே இல்லை. சுற்றிலும் எல்லோருக்கும் வியர்த்தது. வியர்வை என்பது இன்னதென்று தெரியாமல், மழை உள்ளே ஒழுகுகிறது என்று நினைத்தார்கள்.

அன்றிலிருந்து முனிரத்தினம் தினமும் காலையில் கடமை தவறாமல் அவளைத் திட்டினார். அவளும் தினமும் கொதித்தாள்.

ஒரு மத்தியானம், மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரத்தில், முனிரத்தினம் அவள் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பூங்காவனம், "ஷ்ஷ்!" என்றாள்.

"என்ன ஷ்? இன்னும் உன் அத்தை இருக்கா."

"வாயை மூடுங்க. யாரோ தட்டறாங்க."

எல்லோரும் காதைத் தீட்டினார்கள். வயிற்றுக்கடியிலிருந்து வந்தது. ஒரு தட்டு. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் இரண்டு தட்டு. பூங்காவனம் மூச்சுகூட விடாமல் இருந்தாள். ஓடு விரிசல்விட்ட சத்தம் அவள் உடம்புக்குள்ளேயே கேட்டது. இத்தனை வருஷமாக வராத சேதி வந்துகொண்டிருந்தது.

முதலாவது தலையை நீட்டியது. சிவப்பாக, ஈரமாக, அசிங்கமாக, எல்லாவற்றையும்விட அழகாக இருந்தது. வாயைத் திறந்து கத்தியது. இரண்டாவதும் மூன்றாவதும் வந்து சேர்ந்துகொண்டன. வெயில் எங்கே என்று அவை கேட்கவில்லை, வரிசை எது என்றும் கேட்கவில்லை. சாப்பாடு எங்கே என்றுதான் கேட்டன. கன்னியப்பன் ஒரு குஞ்சைத் தொட்டான். "அம்மா மாதிரியே சுடுது" என்றான். பிறகு வானத்தைப் பார்த்தான். இந்த முறை கண்ணில் நின்ற ஈரத்தை மழை என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும் என்று.

மழை விட்டது. சூரியன் வந்தது, ஒன்றும் நடக்காததுபோல. முன்வரிசைக்காரிகள் மணல்மேட்டுக்குப் போனார்கள். ஓடை ஏறி இறங்கியிருந்தது. மணல் கூழாகிக் கிடந்தது. அந்த வருஷம் வெயில் மணலில் ஒரு முட்டைகூடப் பொரியவில்லை. திரும்பி வந்தவர்கள் யாரும் பேசவில்லை. தனபாக்கியம்கூடப் பேசவில்லை. முளைத்தும் முளைக்காத குட்டை வாலோடு வந்து பூங்காவனத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூங்காவனம் ஒரு குஞ்சை எடுத்து அவள் மடியில் விட்டாள். அது அவள் மூக்கைக் கடித்தது.

"அய்யே, என்னா பசி இதுக்கு!" என்றாள் தனபாக்கியம், அழுகையும் சிரிப்புமாக. வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு ஒண்ணு தோணுதுடி" என்றாள். "எங்களுக்கெல்லாம் மணல் குடுத்தாங்க, பொரியலை. உனக்குக் குடுக்கலை, பொரிஞ்சுது. அப்போ குடுக்காததுலதான் ஏதோ இருக்கு."

"அது இல்லை யக்கா. நான் மேலே உட்கார்ந்தேனே, அதான்."

"உட்கார்ந்தே, சரி. அவரு குடுத்திருந்தா உட்கார்ந்திருப்பியா?"

பூங்காவனம் யோசித்துப் பார்த்தாள்.

"நடுவுல எழுந்திருக்கப் போனியே, யாரு உட்கார வெச்சது? அன்னிக்கு மட்டும் அவரு உன்கிட்ட அன்பாப் பேசியிருந்தா?"

உண்மை வழக்கம்போல் தனபாக்கியம் வாயிலிருந்து வந்தது. இந்த முறை மட்டும் அவள் அதைத் தாண்டிப் போகவில்லை. எழுந்து நேராக அதைக் காடு முழுக்கச் சொல்லப் போனாள்.

முனிரத்தினத்துக்குப் பாறைமேல் பாராட்டு விழா நடந்தது. கொன்றைப்பூ மாலை போட்டார்கள். "மணல் கொடுக்காத மகராசன்" என்று பட்டம் கொடுத்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் திட்டமிட்டுத்தான் செஞ்சேன்" என்றார். "அந்தக் குழந்தைகள் முகத்தைப் பார்க்கணும்னுதான் அந்தத் தாயைத் திட்டினேன். திட்டும்போது என் மனசு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்." பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்த பருவத்தில் மணல்மேட்டுக்கு யாரும் ஓடவில்லை. எல்லாத் தாய்மார்களும் முனிரத்தினத்தின் வளைக்கு முன்னால் நின்றார்கள், மறுப்பு வாங்க. வேண்டியவர்களுக்கு அவர் சட்டென்று மறுத்தார், கூடவே இரண்டு வசவும் சேர்த்துக் கொடுத்தார். வேண்டாதவர்களைப் பார்த்துச் சிரித்து, "உனக்கு மணல் உண்டு, போம்மா" என்றார். அவர்கள் அழுதார்கள். "அண்ணே, நாங்க என்ன பாவம் பண்ணினோம்? எங்களுக்கும் கொஞ்சம் இரக்கம் காட்டி மறுத்துடுங்களேன்" என்று காலில் விழுந்தார்கள். மறுப்புப் பெற்றவர்கள் ஓடிப்போய் முட்டைமேல் உட்கார்ந்தார்கள். சிலருக்குப் பொரிந்தது, பலருக்குப் பொரியவில்லை. பொரியாதவர்கள், தங்களை அவர் சரியாகத் திட்டவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள்.

பூங்காவனத்துக்கு இதற்குமேல் உண்டோ இல்லையோ என்று நினைத்தது பொய்யாகி, இன்னொரு ஈடு வயிற்றில் இருந்தது. தன் உடம்பின் சூடு அவளுக்குத் தெரியும். அந்த வரிசையில் போய் நிற்க வேண்டியதில்லை என்றும் தெரியும். ஆனாலும் முட்டை விஷயம். எதற்கு விஷப்பரீட்சை? மூன்று குஞ்சுகளும் பின்னால் கத்திக்கொண்டே வர, போய் நின்றாள். அவள் முறை வந்தது.

"அண்ணே" என்றாள், மரியாதையாக. "இந்த ஈட்டுக்கும் குடுக்காதீங்க."

முனிரத்தினம் அவளை மேலும் கீழும் பார்த்தார். கொன்றை மாலை காய்ந்து கழுத்திலேயே கிடந்தது.

"அதெல்லாம் உடனே சொல்ல முடியாதும்மா" என்றார். "கமிட்டி பரிசீலிக்கணும். மழை முடிஞ்சு வா."

தலையாட்டும் இருவரும் தலையை ஆட்டினார்கள். பூங்காவனத்துக்கு உச்சியிலிருந்து வால் நுனிவரை கொதித்தது. அப்படியே திரும்பிப் போய், கிடைத்த இடத்தில் முட்டையிட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

நீதி: கொடுப்பவரைக் கொடுத்த மறுநாளே மறந்துவிடுவோம், மறுப்பவரை நினைத்தால் உடம்பு எந்த மழையிலும் சூடாகவே இருக்கும். ஆகையால் ஒன்றைக் கேட்பதாக இருந்தால், நிச்சயம் கொடுக்கமாட்டார் என்று பேர் பெற்றவரிடமே போய்க் கேளுங்கள்.